பொத்தான் பிடிப்பவள்

எங்கள் மாவட்டத்தில் என்னைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர். அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. களைகட்டி நிற்கிற ஆட்டத்தை நடுவில் நிறுத்துகிறவளை யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் என்னைத் திட்டுகிறவர்கள்கூட எனக்குப் பின்னால்தான் பிள்ளைகுட்டிகளோடு உட்கார்ந்து வெண்ணெய் தடவிய சோளக்கதிரைக் கடிக்கிறார்கள். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

என் பெயர் நடீன் ஃபோகல்சாங். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன். ஜூலையில் மாவட்டக் கண்காட்சி வந்துவிட்டால், ராட்சசச் சக்கரங்களோடு மண்மேட்டில் பறந்து பழைய கார்களை நசுக்குகிற மான்ஸ்டர் ட்ரக் ஆட்டத்துக்குப் பொத்தான் பிடிக்கிறேன். ஒவ்வொரு வண்டியிலும் இருக்கைக்குப் பின்னால் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். என் கையில் இருக்கிற மஞ்சள் பெட்டியில் ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். அதை நான் அமுக்கினால் எஞ்சின் அந்த நொடியே அணைந்துவிடும். ஓட்டுகிறவர் மயங்கிப்போனாலும் சரி, ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டாலும் சரி, அந்த ராட்சச வண்டி ஜனங்கள் மேல் பாயாமல் தடுக்க அது ஒன்றுதான் வழி.

அதனால்தான் எங்களிடம் ஒரு கண்டிப்பான வழக்கம். களத்தில் இறங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு வண்டியும் ஒருமுறை என் கையால் சாக வேண்டும். எஞ்சினைப் போடச் சொல்வேன், அமுக்குவேன், அது சட்டென்று அடங்க வேண்டும். சாகாத வண்டிக்குக் களத்தில் இடமில்லை. எவ்வளவு பெரிய பெயர் எடுத்த ஓட்டுநராக இருந்தாலும் அந்த நேரத்தில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பார். எனக்கு அது பிடிக்கும் என்பதை நான் ஒளிக்கப்போவதில்லை.

ஒரு காலத்தில் நான் டிராக்டர் இழுவைப் போட்டிகளில் ஓட்டினேன். அந்த எஞ்சின்கள் என் இடது காதைக் கொண்டுபோய்விட்டன. பாதிச் செவிடியிடம் பொத்தானைக் கொடுத்திருக்கிறார்களே என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். ஆட்டம் நடக்கும்போது எல்லோரும் இரண்டு காதையும் அடைத்துக்கொள்வார்கள். நான் வலது காதை மட்டும் திறந்து வைத்திருப்பேன். அடுத்த இரண்டு நாளும் தலைக்குள் வண்டு குடைகிற மாதிரி இருக்கும். ஆனால் தூசி எழும்பிக் கண் மறைந்த பிறகு, வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்வது அந்தக் காதுதான்.

இப்போது கார்லண்ட் ஸ்டோக்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பன்றி வளர்க்கிறவர். பன்றிக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற தகரக் கூடாரத்தில் தன் கையால் ஒரு மான்ஸ்டர் ட்ரக் கட்டினார். அதன் பெயர் தகரச் சேவல். இரும்புக் குழாய்களை வளைத்து வளைத்துப் பற்றவைத்த எலும்புக்கூடு, ராணுவம் கழித்துக்கட்டிய லாரியின் அச்சுகள், மெத்தனால் எரிபொருளைக் குடம் குடமாகக் குடிக்கிற எஞ்சின், எல்லாவற்றுக்கும் மேலே கவிழ்த்துவைத்த சிவப்பு ஃபைபர் கூடு. கூட்டில் வரைந்திருக்கும் சேவல் கொஞ்சம் வான்கோழி மாதிரி இருக்கும். அதை அவரிடம் யாரும் சொல்வதில்லை.

கட்டுவதுகூடப் பெரிதில்லை. ஓடவைப்பதுதான் பெரிது. ஒரு சாயங்காலம் குதித்தால் ஒரு வாரம் முழுக்கப் பிரித்துப் போட்டு விரிசல் தேட வேண்டும். சக்கரங்கள் ஆள் உயரம். அவற்றோடு வண்டி டிரெய்லருக்குள் நுழையாது. ஒவ்வொரு ஊருக்கும் கழற்றிச் சின்னச் சக்கரம் மாட்டி ஏற்ற வேண்டும், இறங்கியதும் மறுபடி மாற்ற வேண்டும். டயர்களோ வயலில் உரம் தெளிக்கிற வண்டிக்காகச் செய்தவை, அப்படியே போட்டால் கனம் தாங்காது. சூடேற்றிய கத்தியால் டயரின் பற்களைச் செதுக்கிச் செதுக்கி எடையைக் குறைக்க வேண்டும். தகரச் சேவலுக்கு அந்த வேலையைப் பார்த்தது கார்லண்டின் மகள் கெண்ட்ரா. குளிர்காலம் முழுக்க அவள் தலைமுடியில் எரிந்த ரப்பர் வாடை அடிக்கும். தேவாலயத்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே கிடக்கும். அந்தக் குடும்பத்தோடு எனக்கு ஆயிரம் சண்டை இருக்கலாம், ஆனால் அவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதும் பெருமைதான்.

சண்டை வந்தது போன வருஷம். ஒற்றை ஒற்றையாக வந்து அவரவர் வித்தையைக் காட்டுகிற கடைசிச் சுற்று. அதில் ஜெயிக்கிற வண்டி குளிர்காலத்தில் பெரிய நகரங்களின் உள்ளரங்குகளில் ஓடலாம். கார்லண்ட் பிரமாதமாக ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு குதிப்பில் கோணலாக இறங்கி, வண்டி இடது பக்கச் சக்கரங்கள் மேல் சாய்ந்து நின்றது. நான் அமுக்கினேன். எஞ்சின் அணைந்தது, வண்டி மெதுவாகச் சாய்ந்து படுத்தது, பரிசு வேறு ஆளுக்குப் போனது.

கீழே இறங்கிய மனுஷன் தலைக்கவசத்தைத் தரையில் வீசினார். வண்டி தன் கைக்குள்தான் இருந்தது, இன்னும் ஒரு மிதி மிதித்திருந்தால் நிமிர்ந்திருக்கும், இந்தக் கிழவி கெடுத்துவிட்டாள் என்று ஒலிபெருக்கியையும் மீறிக் கேட்கிற மாதிரி கத்தினார். உன் எஞ்சின் சத்தம் சரியில்லை, அதனால்தான் அமுக்கினேன் என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அன்றிலிருந்து எனக்குக் கொலைகாரி என்று பெயர். தீவனக் கடையில் நான் நுழைந்தால் யாராவது ஒருத்தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து விழுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். கண்காட்சிக் கமிட்டி வேறு ஆளைத் தேடிப் பார்த்தது. அந்தப் பழியை ஏற்க ஒருவரும் வரவில்லை. பெட்டி என்னிடமே திரும்பி வந்தது.

இந்த வருஷம் வசந்தத்தில் சக்கரம் மாற்றும்போது ஒன்று சரிந்து கார்லண்டின் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்து, கையைத் தூக்கிக் கட்டிவிட்டார்கள். வண்டி இருக்கையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளிர்கால ஆட்டமும் இரண்டாவது வருஷமாகக் கிடைக்காவிட்டால் தகரச் சேவலை விற்றுவிடுவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. ஊருக்கே தெரிந்த விஷயம் அது. அதனால் கெண்ட்ரா ஓட்டப்போகிறாள் என்று கேள்விப்பட்டபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. பயப்படத்தான் செய்தார்கள். பக்கத்து மைதானங்களில் பழகியிருந்தாள், ஆனால் ஜனங்களுக்கு முன்னால் ஓட்டியதில்லை.

கண்காட்சி நாள் நல்ல வெயில். மாலை ஆட்டத்துக்கு முன்னால் வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்த இடத்தில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சக்கரத்துக்குள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பன்றிக்கறி சாண்ட்விச்சோடு நின்றுகொண்டிருந்தேன். கறி ரொட்டியைவிட இரண்டு மடங்கு பெரிது, அதை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று யோசிக்கும்போதே கார்லண்ட் வந்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசியது அன்றைக்குத்தான்.

"நடீன், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"எம்பொண்ணோட ஓட்டத்தையாவது முழுசா விட்டுரு தாயே. அவளுக்கு இருக்கறது இந்த ஒரு சாயங்காலம்."

"அவ நல்லா இருந்தா என் கை சும்மா இருக்கும்."

"போன வருஷம் நானும் நல்லாத்தான் இருந்தேன்."

"அது நீ சொல்றது."

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. திரும்பி வண்டி வரிசைப் பக்கம் நடந்தார். எனக்கும் சாண்ட்விச் இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் கேட்டது என்னை உறுத்தியது. கொலைகாரி என்ற பேச்சு என் மேல் ஒட்டவில்லை என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் இந்தப் பெண்ணின் வண்டியை நான் நிறுத்தினால் அதோடு தகரச் சேவலின் கதை முடிந்தது. பயந்து ஒரு நொடி முந்தினாலும் தப்பு, பழிக்குப் பயந்து ஒரு நொடி பிந்தினாலும் தப்பு. என் கை என் பேச்சைக் கேட்குமா என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

சாவு பார்க்கிற நேரம் வந்தது. கெண்ட்ரா நெருப்புத் தாங்கும் உடுப்பில், கழுத்தை அசைக்க முடியாதபடி வார் மாட்டி, வண்டியின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தாள். எஞ்சினைப் போட்டதும் என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அமுக்கினேன். அடங்கியது. அவள் தலைக்கவசத்தின் கண்ணாடி மூடியைத் தூக்கி, கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

"செத்துட்டேன் மிஸ் நடீன். இனி ஓடலாமா?"

"ஓடு. திரும்ப எனக்கு வேலை வைக்காதே."

"அது வண்டி கையில இருக்கு" என்று சிரித்தாள். தூக்கிய மூடியை நிதானமாக இறக்கி மாட்டினாள். நான் கவனித்தேன்.

அவள் முறை வரும்போது சூரியன் மேற்குத் தடுப்புக்கு மேல் நின்றது. பொத்தான் பிடிக்கிறவர் பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது என்பது விதி. கார்லண்ட் கயிற்றைத் தாண்டி வந்து என் தோளோடு தோளாக நின்றார். விரட்டியிருக்க வேண்டும். மனுஷனின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

கெண்ட்ரா தொடங்கிய விதத்திலேயே கூட்டம் எழுந்துவிட்டது. நசுக்குவதற்காக வரிசையாகப் போட்டிருந்த பழைய கார்களின் மேல் முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு ஏறி, பின்சக்கரங்களிலேயே நடந்து மறுபக்கம் இறங்கினாள். மண்மேட்டில் ஏறிப் பறந்தாள். இறங்கிய வேகத்தில் இரண்டு தடவை துள்ளி, நிற்காமல் அப்படியே திரும்பிப் பழைய வேன் ஒன்றின் மேல் பாய்ந்தாள். கார்லண்ட் மூச்சுக்கு மூச்சு "பின்சக்கரத்தை நேராக்கு, நேராக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இந்த வண்டிகளில் பின்சக்கரமும் திரும்பும். அதற்குத் தனியாக ஒரு விசை. குதிப்பதற்கு முன் அதை நேராக்க மறந்தால் இறங்கும்போது வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் போகும். புதிதாக ஓட்டுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு.

அவளும் செய்தாள்.

வேனிலிருந்து இறங்கிய வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய், வலது பின்சக்கரம் ஒரு காரின் கூரையில் ஏறியது. அவ்வளவுதான். வண்டி முழுசும் இடது பக்கச் சக்கரங்கள் மேல் எழுந்து நின்றது. போன வருஷம் அப்பன் நின்ற அதே நிலை. அன்றைக்குப் போலவே மூக்கும் எங்கள் பக்கம், ஜனங்கள் பக்கம், பார்த்திருந்தது. எஞ்சின் அலறியது. தூசி அவளை மூடிவிட்டது.

"அமுக்கு நடீன்" என்றார் கார்லண்ட்.

நான் அமுக்கவில்லை.

"அமுக்கு. ஐயோ, எம்புள்ள. அமுக்குன்னு சொல்றேன்ல."

அவருடைய நல்ல கை பெட்டியை நோக்கி வந்தது. முழங்கையால் ஒரு இடி இடித்தேன். இடித்தது கட்டுப்போட்ட தோளில் என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்கு அவர் இல்லை, கூட்டம் இல்லை, கண்கூட இல்லை. வெறும் வலது காதாக மட்டும்தான் இருந்தேன்.

வண்டி சாயும்போது காலை எடுத்துவிடத்தான் மனசு சொல்லும். எடுத்தால் விழுவது நிச்சயம். விழுகிற பக்கமே சக்கரத்தைத் திருப்பி, பயத்தை விழுங்கிக்கொண்டு மிதிக்க வேண்டும். அதையும் ஒரேயடியாக மிதிக்கக் கூடாது. மிதித்து, விட்டு, வண்டி எந்தப் பக்கம் யோசிக்கிறது என்று பார்த்து, மறுபடி மிதிக்க வேண்டும். அந்தத் தூசிக்குள்ளிருந்து வந்த சத்தம் ஏறியது, தணிந்தது, ஏறியது. உள்ளே ஒரு கால் விழித்துக்கொண்டிருந்தது. அந்தக் கால் வண்டியை எங்கள் பக்கம் விடாமல் திருப்பிக்கொண்டிருந்தது.

விரல் பொத்தானின் மேலேயே இருந்தது. அந்தச் சத்தம் ஒரு நொடி தணியாமல் நின்றிருந்தால் அமுக்கியிருப்பேன்.

தகரச் சேவல் இரண்டே சக்கரத்தில் அரைவட்டம் அடித்து, எங்களுக்கு முதுகைக் காட்டி, தொப்பென்று நான்கு சக்கரத்திலும் இறங்கியது. கூட்டம் போட்ட சத்தத்தில் என் செவிட்டுக் காதும் அதிர்ந்தது. பாட்டில்களும் தொப்பிகளும் பறந்தன. கார்லண்ட் தோளைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு போதும் என்று கையசைத்துவிட்டு வெளியே வந்திருப்பார்கள். இவள் ஸ்டோக்லி வீட்டுப் பெண். நேராகப் போய் இருப்பதிலேயே பெரிய மண்மேட்டில் ஏறினாள். வண்டி ஒரு வீட்டு உயரம் பறந்தது. இறங்கும்போது மூக்கு முதலில் குத்தி, அப்படியே முன்பக்கமாகக் கவிழ்ந்தது. கூரை தரையில் பட்ட சத்தமும் சக்கரங்கள் வெறும் காற்றில் சுழன்று எஞ்சின் வீறிட்ட சத்தமும் ஒன்றாக வந்தன. கார்லண்ட் எழுந்திருக்கக்கூட இல்லை, நான் அமுக்கிவிட்டேன்.

வான்கோழி மாதிரி இருந்த சேவல் நான்கு துண்டாகக் கிடந்தது. தீயணைப்புக்காரர்கள் ஓடினார்கள். பிறகு கம்பிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை வந்தது, ஒரு தலைக்கவசம் வந்தது. கெண்ட்ரா ஊர்ந்து வெளியே வந்து, யாருடைய உதவியும் இல்லாமல் வண்டியின் அடிவயிற்றின் மேல் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கினாள். மேலே பார்த்து நின்ற அந்தச் சக்கரங்களில் ஒன்று இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் ஒவ்வொரு பல்லையும் செதுக்கியவள் அதன் பக்கத்தில் நின்றாள். எங்கள் ஊர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. நானும் கத்தினேன். பொத்தான் பிடிப்பவள் கத்தக் கூடாது என்று விதி எதுவும் இல்லை.

நடுவர்கள் அதிகம் யோசிக்கவில்லை. குளிர்காலத்தில் தகரச் சேவல் ஓடும் என்று ஒலிபெருக்கி சொன்னபோது அவளைத் தோளில் தூக்கியிருந்தார்கள்.

கார்லண்ட் அங்கே போகவில்லை. இன்னும் என் காலடியில் மண்ணில்தான் உட்கார்ந்திருந்தார். நான் பெட்டியை அணைத்து, இடது காதில் இருந்த அடைப்பைக் கழற்றினேன். அவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"நான் கதறினப்ப ஏன் அமுக்கல?"

"அவ கால் முழிச்சிருந்துச்சு. சத்தம் ஏறி எறங்குச்சு. நீயும் கேட்டிருப்பே."

"கேட்டேன்" என்றார். சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். "அப்போ என்னோடது?"

"உன்னோடது ஒரே ஊளை. ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. ஆக்சிலேட்டர் மேல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி அப்படியே நின்னுச்சு."

கோபப்படுவார் என்று நினைத்தேன். எப்போதும் போல வண்டி என் கைக்குள் இருந்தது என்பார், நானும் எப்போதும் போல ஒன்று சொல்வேன் என்று வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவர் தூரத்தில் மகளைத் தூக்கிக்கொண்டு போவதையே பார்த்தார்.

"மேட்டுல ஏறினது ஞாபகம் இருக்கு. எறங்கறப்ப தலை பின்னாடி முட்டினது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் எஞ்சின் அணைஞ்சு கெடந்ததுதான் ஞாபகம். நடுவுல ஒண்ணுமே இல்ல நடீன். இத நான் வீட்டுல கூடச் சொன்னதில்ல."

போன வருஷம் அன்றைக்கு அவர் வண்டியின் மூக்குக்கு நேராக மூன்றாம் வரிசையில் என் பேருந்துப் பிள்ளைகள் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய மனைவியும் உட்கார்ந்திருந்தாள். அதை அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவருக்கே தெரியும். கையைக் கொடுத்தேன். நல்ல கையால் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நடுவுல நான் இருந்தேன் கார்லண்ட்" என்றேன்.